மெருகுச் சால்மன்: முற்பூச்சு, பிற்பூச்சு என்னும் இரு மதங்கள் குறித்துப் பூர்வாங்கமான ஓர் ஆராய்ச்சி

சால்மன் துண்டுகளின்மேல் தேனும் சோயா சாஸும் பூண்டும் குழைத்துப் பூசி, ஓவனில் வைத்தெடுத்து, சோற்றோடு இரவுச் சாப்பாடாக முடித்துக்கொள்ளும் வழக்கம் கனடா, அமெரிக்க வீடுகளில் பரவலாக உண்டு. சமையற்குறிப்பு எழுதுவோர் இதனை 'எளிது' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். ஆராய்ச்சி உலகின் மௌனத்துக்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். எளிது என்று முத்திரை குத்தப்பட்டதை யாரும் ஆராய்வதில்லை, பட்டம் கிடைக்காது. ஆனால் ஓவன் கதவின் கண்ணாடி வழியே சற்று நேரம் குனிந்து பார்த்தால், உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருப்பது தெரியும். வாதி மீன். பிரதிவாதி அதன்மேல் பூசிய மெருகு. தகராறு நேரத்தைப் பற்றியது. மீன் தன்னைச் சீக்கிரம் வெளியே எடுக்கச் சொல்கிறது. மெருகு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்கிறது. இரண்டும் ஒரே தட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒருவரை மட்டும் வெளியே அழைக்க முடியாது. இதற்குமேல் வருவதெல்லாம் இந்த வழக்கின் விரிவு.

முதலில் வாதியின் குலமும் குடியும். அட்லாண்டிக் சால்மனுக்கு லின்னேயஸ் 1758இல் 'சால்மோ சாலர்' என்று பெயர் சூட்டினார். திணை நோக்கில் இது பெருந்தொல்லை பிடித்த மீன். குளிர்ந்த மலையாற்றின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து வெளிவருகிறது. சில ஆண்டுகள் ஆற்றில் கழித்துவிட்டுக் கடலுக்குப் போய்க் கொழுக்கிறது. முட்டையிடும் காலத்தில் பிறந்த ஆற்றையே தேடி எதிர்நீச்சல் போட்டு ஏறுகிறது. குறிஞ்சியில் பிறந்து, நெய்தலில் வளர்ந்து, மறுபடி குறிஞ்சிக்கே திரும்பும் கருப்பொருள். திணைமயக்கம் என்று ஓர் உரையாசிரியர் அடைப்புக்குறி போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். சந்தைக்கு வரும் சால்மனில் பெரும்பகுதி இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துவிட்டது: அது எங்கும் போவதில்லை. நன்னீர்த் தொட்டியில் பொரித்து, குஞ்சு வளர்ந்ததும் கடலில் மிதக்கும் வலைக்கூண்டில் விடுகிறார்கள். நார்வேயின் ஹித்ரா தீவில் க்ரொண்ட்வெட் சகோதரர்கள் 1970இல் இதைச் செய்து காட்டினார்கள். பண்டிகை மீனாக இருந்த சால்மன் செவ்வாய்க்கிழமை மீனாக இறங்கிய வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நிறம் பற்றி ஓர் இடைப்பிறவரல். காட்டுச் சால்மனின் செம்மை அது தின்னும் இறால் இனச் சிற்றுயிர்களிடமிருந்து வருவது. அஸ்டாஸாந்தின் என்னும் நிறமி. கூண்டு மீனுக்கு அந்தத் தீனி இல்லை. எனவே நிறமியைத் தீவனத்தில் கலக்கிறார்கள். கலக்காவிட்டால் சதை வெளிறிப்போய்ச் சாம்பல் கலந்து நிற்கும். எவ்வளவு சிவப்பு வேண்டும் என்று பார்க்க 'சால்மோஃபேன்' என்று ஒரு விசிறி இருக்கிறது. பெயிண்ட் கடையில் சுவருக்கு நிறம் பார்க்கும் அட்டையைப் போல 20 முதல் 34 வரை எண்ணிட்ட பட்டைகள். நிறத்துக்கு எண் போட்டுக் கேட்கும் துணிச்சல் நம் மணமகள் தேவை விளம்பரங்களுக்கே இன்னும் வரவில்லை என்பதை ஆய்வாளர் பதிவு செய்கிறார்.

இனிப் பிரதிவாதி. தேனில் ஏறக்குறைய 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் தண்ணீர். சோயா சாஸில் உப்பும் அமினோ அமிலங்களும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சந்தித்தால் பழுப்பேறி மணம் கிளம்பும் என்பதை ஃபிரெஞ்சு வேதியியலார் லூயி கமீல் மயார் 1912இல் எழுதினார். அந்தச் சந்திப்பு வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே முதலில் தண்ணீர் போக வேண்டும், பிறகு பழுப்பு வர வேண்டும், பிறகு பளபளப்பு. மெருகு அவகாசம் கேட்பது வெறும் அடம் அல்ல. அதற்குச் சட்டப்படி நியாயம் இருக்கிறது.

மீனின் நியாயமும் சளைத்ததல்ல. அதன் புரதங்கள் 40 டிகிரியைத் தாண்டும்போதே இறுகத் தொடங்கிவிடுகின்றன. 50ஐ ஒட்டிச் சதை மடல் மடலாகப் பிரியும், உள்ளே ஈரம் இருக்கும். 60ஐத் தாண்டினால் பிழிந்த துணிதான். அப்போது மேலே வெள்ளையாக ஒரு கட்டி கசியும். அல்புமின் என்பார்கள். குழந்தைகள் அதைப் பார்த்து முகம் சுளிப்பது நியாயமே. அமெரிக்க அரசின் பாதுகாப்பு அறிவுரை 63 டிகிரி. சமையற்கலைஞர்கள் பலர் 50, 52இல் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் கர்ப்பிணியோ முதியவரோ நோய் எதிர்ப்புக் குறைந்தவரோ இருந்தால் அரசு சொல்வதைக் கேட்பதே முறை. இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் கட்டுரையாளர் விளையாடவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். மேலே 140, நடுவில் 50. இடைவெளி அரை அங்குலம். அரை அங்குலத்துக்குள் 90 டிகிரி வேற்றுமையை உண்டாக்கி, அது சமநிலைக்கு வருவதற்குள் தட்டில் எடுத்துவைக்க வேண்டும். இதைத்தான் எளிது என்கிறார்கள்.

கனடா மீன்வளத் துறை பரப்பிய விதி ஒன்று உண்டு: 230 டிகிரி சூட்டில் அங்குலத்துக்குப் பத்து நிமிடம். சூத்திரத்துக்கு வேண்டிய சுருக்கம் இதில் இருக்கிறது; இயற்பியல்தான் இல்லை. சூடு உள்ளே இறங்க ஆகும் நேரம் தடிமனின் மடங்கில் ஏறுவதில்லை, அதன் வர்க்கத்தை நோக்கி ஏறும். இரண்டு அங்குலத் துண்டை இருபது நிமிடத்தில் எடுத்தால் நடுவில் இன்னும் கடல் இருக்கும். நல்ல காலமாக, கடையில் வெட்டித் தரும் நடுத்துண்டுகள் ஓர் அங்குலத்தை ஒட்டியே இருப்பதால் விதியின் மானம் காக்கப்பட்டது. வால் துண்டுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மெலிந்த முனையை அடியில் மடித்துச் செருகிவிட்டால் ஓரளவு பிழைக்கும்.

வழக்கைத் தீர்க்க இரு மதங்கள் தோன்றின. முற்பூச்சார் மெருகை முழுதும் முதலிலேயே பூசுவர். தீவிரர்கள் முதல் நாளே ஊறப் போடுவர். சுவை உள்ளே இறங்கும் என்பது அவர்கள் கொள்கை. பிற்பூச்சார் உப்பு மட்டும் தடவி மீனை வேகவைத்து, மெருகைத் தனியே சட்டியில் வற்றக் காய்ச்சி, கடைசி இரண்டு நிமிடத்தில் பூசி, மேல் சூட்டில் காட்டி எடுப்பர். இவர்களுக்குள் தோல் மேலே இருக்க வேண்டும் என்பாரும் கீழே இருக்க வேண்டும் என்பாருமாக உட்பிரிவுகள் உண்டு. எந்த நாமம் என்று வடகலையாரும் தென்கலையாரும் நீதிமன்றம் ஏறிய வரலாறு படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

முற்பூச்சாரின் கூற்றை எடுத்து மறுப்போம். உப்பு மெல்ல உள்ளே இறங்கும். சர்க்கரையும் பூண்டும் மேல்தோலோடு நின்றுவிடும். மீன் சூடேறியதும் ஈரம் கசிகிறது, பூச்சு கரைந்து அலுமினியத் தாளில் வழிகிறது. அங்கே மீன் இல்லை, சூடு மட்டும் இருக்கிறது. முதலில் பொன்னிறம், பிறகு பழுப்பு, பிறகு தார். பத்தாம் நிமிடத்தில் தாளின்மேல் நல்ல மெருகும் மீனின்மேல் ஒன்றுமில்லாமையும் கிடைக்கும். புகை கண்டு அலறும் கருவிக்குக் கீழே துண்டை விசிறிக்கொண்டு ஒருவர் நிற்பதைக் கண்டால், அவர் முற்பூச்சு மதத்தவர் என்று துணியலாம்.

பிற்பூச்சாருக்கோ வலுவான முன்னோர் உண்டு. ஜப்பானிய வீடுகளில் தெரியாக்கி என்னும் மெருகுச் சமையல் என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது 'புரி' என்னும் மீன், சால்மன் பின்னால்தான். அங்கே மீனை முதலில் சட்டியில் வாட்டி, கடைசியில்தான் சோயா, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சர்க்கரை ஆகியவற்றின் கலவையை ஊற்றி, அது குமிழியிட்டு வற்றும்போது அள்ளி அள்ளி மேலே விடுவார்கள். மெருகு தனக்கு வேண்டிய அவகாசத்தைச் சட்டியின் அடியில் எடுத்துக்கொள்கிறது. மீன் தன்பாட்டுக்கு இருக்கிறது. வழக்கைப் பிரித்து இரு நீதிமன்றங்களுக்கு அனுப்பிய நுட்பம் இது.

கள ஆய்வு கட்டுரையாளரின் வீட்டிலேயே நடத்தப்பட்டது. முதல் தகவலாளி இல்லத்தரசி. தட்டைப் பார்த்து, "ஏங்க, கருகிடுச்சா?" என்றார். மயார் வினை விளக்கப்பட்டது. "அதான் கேட்டேன், கருகிடுச்சா?" என்றார். இரண்டாம் தகவலாளி, வயது ஏழு, மெருகை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மீனை அப்படியே விட்டார். பிரதிவாதி தரப்புச் சாட்சியமாகப் பதிவு செய்யப்பட்டது. மூன்றாம் தகவலாளி மாமியார், நாகப்பட்டினத்திலிருந்து வீடியோ அழைப்பில். ஆய்வின் மிகக் கடினமான பூர்வபட்சம் அவருடையது.

"தேனைச் சுட வைக்கலாமா மாப்பிள்ளை? விஷமாயிடும்னு சொல்லுவாங்களே!"

தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேத மரபில் ஊன்றிய கருத்து. அதை மயாரைக் காட்டி மறுப்பது மாமியாரிடம் எடுபடாது. மறுப்பதைவிட மாற்றிக்கொள்வது மேல். கனடாவில் அதற்கு வழி இருக்கிறது: மேப்பிள் பாகு. ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்தால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். உலக உற்பத்தியில் பத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு கியூபெக் மாகாணத்தது. அடுப்பிலேயே பிறந்த பொருளை அடுப்பில் வைக்கக் கூடாது என்று எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. மாமியார் சற்று யோசித்தார்.

"சரி, புளி எங்க?"

இதற்கு மறுப்பு இல்லை. இனிப்பும் உப்பும் மட்டும் கொண்ட மெருகு மூன்றாவது வாயில் திகட்டும். கொழுப்பு மிகுந்த மீனுக்குப் புளிப்பு வேண்டும். மீனின் வாடைக்குக் காரணமான அமைன்களைப் புளிப்பு ஆவியாகவிடாமல் கட்டிப்போடும் என்பதும் வேதியியல் ஒப்பும் உண்மை. எதைப் போட்டாலும் கடைசியில் போட வேண்டும், ஏனெனில் புளிப்பு பழுப்பேறுவதைத் தாமதப்படுத்தும். கரைத்த புளி ஒரு தேக்கரண்டி, அல்லது எலுமிச்சை. கடலோரத்து மாமியாரின் இந்த ஒரு கேள்வி முன்னே படித்த சமையற்குறிப்புகள் அனைத்தையும்விட ஆய்வுக்குப் பயன்பட்டது.

நேரம் பற்றி இன்னொரு குறிப்பு. 'பதினைந்து நிமிடத்தில் தயார்' என்னும் கணக்கில் ஓவனைக் காலி செய்யும் நேரம் சேர்க்கப்படவில்லை. நம்மவர் வீட்டு ஓவன் பாத்திரப் பரண். இரண்டு தோசைக்கல், ஓர் இருப்புச்சட்டி, மூடி தொலைந்த குக்கர், பொங்கலுக்கு மட்டும் இறங்கும் பெரிய தாம்பாளம் ஆகியவற்றை வெளியே எடுத்து அடுப்பு மேடையில் அடுக்கினால் மீனை நறுக்க இடமில்லை. சூடேற்றிய பிறகு உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது நினைவுக்கு வருவது தனி இயல்.

இருவர் முரண்படும்போது ஒருவர் பக்கம் துணிவதையும் நன்னூலார் எழுவகை மதங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். அந்த உரிமையில் பிற்பூச்சார் பக்கம் துணிகிறேன். துணிபு வருமாறு. நான்கு துண்டு, ஒவ்வொன்றும் 150 முதல் 180 கிராம். முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் சாமணத்தால் பிடுங்குங்கள். உப்புத் தடவிக் கால் மணி நேரம் வைத்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெள்ளைக் கசிவு குறையும். அதற்குள் மூன்று மேசைக்கரண்டி தேனோ மேப்பிள் பாகோ, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், நசுக்கிய பூண்டு இரண்டு பல், துருவிய இஞ்சி கொஞ்சம் சேர்த்து, கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வரை சிறுதீயில் வற்றவைத்துப் புளியைச் சேர்த்து இறக்குங்கள். 200 டிகிரி ஓவனில் தோல் கீழே இருக்கும்படி எட்டு நிமிடம் வைத்து, வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நடுவில் 45 வந்ததும் மெருகைப் பூசி, மேல் சூட்டில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் ஓவன் முன்னால் நில்லுங்கள், போனை எடுக்காதீர்கள். வெளியே எடுத்த பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும், ஆகவே 50இல் எடுப்பவர் ஏமாற மாட்டார். 63 வேண்டியவர்கள் பூசுவதைத் தள்ளிப்போடலாம். பக்கத்தில் சோறும் ப்ராக்கலியும் போதும். ப்ராக்கலி பற்றி ஆராய ஒன்றுமில்லை.

மீதி பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. மறுநாள் மீன் குழம்புக்கு ருசி கூடும் என்ற நம் அனுபவத்தை இங்கே நீட்டாதீர்கள். சால்மனின் கொழுப்பு மறுபடி சூடேறும்போது பழைய எண்ணெய் வாடையைத் தரும், மெருகு ரப்பராகும். குளிர்ந்தபடியே உதிர்த்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்து ரொட்டியில் வைத்துச் சாப்பிடுங்கள். அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றாலும் சரி, பொது மைக்ரோவேவில் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.