உஷார் சார்

கிண்டியில் எந்தக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் அதில் ஓர் உஷார் சார் இருப்பார். மாடி மாறலாம், மூக்குக் கண்ணாடி மாறலாம். அவருடைய செல்போனின் முன்பக்கக் கேமரா மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டு மட்டும் மாறாது. மெரூன் கலர், நடுத்தர சைஸ், வீட்டு அம்மாளின் அட்டையிலிருந்து உரித்தது. "எவனாவது ஹேக்கர் உள்ளே பூந்து என் மூஞ்சியைப் பார்த்துட்டான்னா?" என்பார். ஹேக்கர் பார்க்கிறானோ இல்லையோ, நியூ ஜெர்சியில் இருக்கும் பேரன் பார்க்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் திரை முழுக்க மெரூன் இருட்டு. உள்ளேயிருந்து தாத்தாவின் குரல். குழந்தையும் பழகிவிட்டது. அந்த இருட்டுக்கே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறது.

எங்கள் உஷார் சார் கிண்டி தொழிற்பேட்டையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். 1958-ல் ஆரம்பித்த பேட்டை அது. அங்கே ஒரு லேத் பட்டறையில் இன்டென்ட் இல்லாமல் ஒரு நட்டு, ஒரு வாஷர்கூட அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. முதலாளியே கேட்டாலும், "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்குங்க" என்பாராம். ரிட்டையரான பிறகு காக்க நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. காக்கும் குணம் மட்டும் அப்படியே இருந்தது. அதை அப்படியே தன் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண் மேல் திருப்பிவிட்டார்.

சட்டம் அவருக்கு விரல்நுனியில். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்த குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி வழக்கு அவருக்கு மனப்பாடம். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. "பாத்தீங்களா, ரிட்டையர்டு ஆளுங்களாலதான் நாடே நடக்குது" என்பார். சுதந்திர தினத்துக்கு மிட்டாய் கொடுக்காதவர், ஒன்பது நாள் கழித்து மாடிப்படியில் போவோர் வருவோரைப் பிடித்து ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். வாங்கிய குழந்தை "எதுக்கு அங்கிள்?" என்று கேட்டால் அரை மணி நேரம் போயிற்று.

2021 ஜனவரியில் வாட்ஸ்ஆப் தன் கொள்கையை மாற்றப் போகிறது என்ற செய்தி வந்ததே, அன்றைக்கே "வெளியேறுகிறேன்" என்று எல்லாக் குழுக்களிலும் அறிவித்துவிட்டு சிக்னல் ஆப்புக்குப் போனார். போய்ப் பார்த்தால் அவருக்குத் தெரிந்தவர்களில் அங்கே ஏற்கெனவே இருந்தவர் ஒரே ஒருவர்: நிலத் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனர். உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான அந்த இணைப்பில் இரண்டு பேரும் ஒரு எழுத்துகூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. இதற்கிடையில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்ற அறிவிப்பு அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் மட்டுமே வரும் என்பது தெரிந்து, குடம் காலியான ஒரு காலையில் சத்தமில்லாமல் திரும்பி வந்தார். 'கடைசியாகப் பார்த்தது' தெரியாது, நீல டிக் விழாது, முகப்புப் படத்தில் பிள்ளையார். ஆனால் அதே குழுவில், "நாளை முதல் மூன்று நாள் திருப்பதி. வீடு பூட்டியிருக்கும். பால் பாக்கெட் போட வேண்டாம்" என்று எழுதியதும் அவர்தான்.

லொகேஷனை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். "நான் எங்க இருக்கேன்னு கம்பெனிக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்?" நியாயமான கேள்விதான். மகளை விமான நிலையத்தில் இறக்கிவிட காரில் கிளம்பிய ஒரு ராத்திரி, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறினார். 2008-ல் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து அதில் தப்பான வளைவில் இறங்காத சென்னைவாசி குறைவு. உஷார் சார் பூந்தமல்லி சாலையில் இறங்கி, போரூர் வரைக்கும் நம்பிக்கையோடு ஓட்டினார். அவர் எங்கே இருக்கிறார் என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

கடையில் பில் போடும் இடத்தில் அவரைப் பார்க்க வேண்டும். வேளச்சேரிப் பக்கம் ஒரு பெரிய கடை. வாங்கியது ஒரு துண்டும் இரண்டு பனியனும். பில் போடும் பெண் தலையைத் தூக்காமலே கேட்கிறாள்:

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்கும்மா?"

"சிஸ்டம் கேக்குது சார்."

"சிஸ்டம் கேக்கும். 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை என்ன சொல்லிச்சு தெரியுமா? பில்லுக்கு நம்பர் குடுத்தாத்தான் ஆச்சுன்னு கட்டாயப்படுத்தக் கூடாது. அது முறையற்ற வணிகம்."

பின்னால் வரிசை நீள்கிறது. கைக்குழந்தைக்காரி இடுப்பு மாற்றிக்கொள்கிறாள். அந்தப் பெண் பதறவில்லை; தினம் இப்படி நாலு பேரைப் பார்க்கிறவள். "சரி சார், பத்து ஒன்பது போட்டுக்கறேன். ஆனா பாயிண்ட்ஸ் ஏறாது."

உஷார் சார் பையை எடுக்கப் போன கையை நிறுத்துகிறார். "பாயிண்ட்னா எவ்வளவு வரும்?"

"இந்த பில்லுக்குப் பன்னண்டு ரூபா சார்."

ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து கட்டிய கோட்டை பன்னிரண்டு ரூபாயில் விழுந்தது. நம்பரைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி இரண்டாம் முறையும் சொன்னார்.

ஆதார் விஷயத்தில் அவர் இன்னும் கறார். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. ஜனங்கள் கலவரப்பட்டதும் 29-ஆம் தேதி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடைப்பட்ட அந்த இரண்டு நாள்தான் அவர் வாழ்க்கையின் பொற்காலம். சிம் கார்டு கடை, கல்யாண மண்டபம், கேஸ் ஏஜென்சி என்று படியேறி, தான் கொடுத்த நகலைத் திருப்பிக் கேட்டார். யாரிடமும் இல்லை. மண்டபத்துக்காரர் மட்டும் வேறு யாருடைய நகலையோ கொடுத்து அனுப்பினார்.

எட்டு இலக்கம் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரியும் அந்த 'மாஸ்க்டு' ஆதாரை அவர் முறைப்படி இறக்கி வைத்திருக்கிறார். பிரிண்ட் எடுக்கத்தான் வீட்டில் மிஷின் இல்லை. கிண்டி ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை. கடைப் பையன், சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்ஆப் எண்ணைக் காட்டி, "இதுக்கு அனுப்பிடுங்க சார்" என்கிறான். அனுப்புகிறார். பிடிஎஃப் திறக்கவில்லை.

"பாஸ்வேர்டு சார்?"

உஷார் சார் சுற்றுமுற்றும் பார்க்கிறார். குனிந்து, பையனின் காதருகே போய், "பேரோட முதல் நாலு எழுத்து, கேப்பிட்டல்ல. அப்புறம் பொறந்த வருஷம்" என்று கிசுகிசுக்கிறார். நாட்டில் உள்ள அத்தனை இ-ஆதாருக்கும் அதேதான் பாஸ்வேர்டு என்பது பையனுக்குத் தெரியும், மரியாதைக்குத் தலையாட்டுகிறான். பிரிண்ட் வந்ததும் அடுத்த கட்டம்.

"டெலீட் பண்ணுப்பா."

"பண்ணிட்டேன் சார்."

"ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணு."

பண்ணினான். எட்டிப் பார்த்துத் திருப்தியானார். அப்போதுதான் பையன் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், நம்பர் பாதிதானே தெரியுது? இதை எந்த ஆபீஸ்லயும் வாங்க மாட்டாங்க. முழுசு இருந்தா அனுப்பிடுங்க, ஒரேயடியா எடுத்துடலாம்" என்றான். கனிவாகச் சொன்னான், நல்ல பையன். முழுசையும் அனுப்பினார். அந்தக் கடையின் வாட்ஸ்ஆப்பில் கிண்டியும் ஈக்காட்டுத்தாங்கலும் பாதி ஆலந்தூரும் ஆதார், பான், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் சகிதம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உஷார் சாரும் அங்கேதான் இருக்கிறார், இரண்டு பிரதியாக.

குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் மேஜையில் ஒரு நீள நோட்டு. வருகிறவர் பெயர், எந்த வீடு, செல்போன் எண், கையெழுத்து. யார் வேண்டுமானாலும் முந்தைய பக்கத்தைப் புரட்டலாம். உஷார் சார் அசோசியேஷன் செயலாளருக்கு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பினார்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அசோசியேஷன் கையிருப்பில் லிஃப்ட் ரிப்பேருக்கே பணம் இல்லை. ஆனால் செயலாளர் தலைமைச் செயலகத்தில் குப்பை கொட்டியவர். சட்டத்தை வரி வரியாகப் படித்துவிட்டுப் பதில் போட்டார்: "சட்டத்தின் பெயரே டிஜிட்டல் என்று ஆரம்பிக்கிறது. நம்முடையது நாற்பது பக்க நோட்டு. கணினியில் ஏற்றாதவரை பொருந்தாது. மேலும், விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் உண்டு." பேட்டையில் இன்டென்ட் எழுதிய கையும் கோட்டையில் நோட் போட்ட கையும் மோதிய அந்தக் கடிதப் போக்குவரத்தை இருவரும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஏடிஎம்மில் ஆள் இல்லாவிட்டாலும் இடது கையால் மறைத்துத்தான் பின் நம்பர் போடுவார். அதே மனிதர் மெட்ரோவில் வங்கிக்குப் போன் போட்டால் கதை வேறு. கிண்டியில் ஏறி சின்னமலை வருவதற்குள் கணக்கு எண். சைதாப்பேட்டைக்குள் பிறந்த தேதியும் அம்மா பெயரும். நந்தனத்தில் கதவு மூடும்போது, பென்ஷன் எந்தத் தேதியில் எவ்வளவு ஏறும் என்பது பெட்டிக்கே தெரிந்திருக்கும்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இயந்திரம் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டவர், மனுஷன் கேட்டால் கொடுக்காமலிருக்கக் கற்கவில்லை. "எந்த ஊரு, என்ன சம்பளம், சொந்த வீடா, பொண்ணுக்கு வரன் பாக்கறீங்களா" என்று ரயிலில் முதல் நிமிஷத்திலேயே கேட்டுச் சொல்லி வளர்ந்த ஜாதி நாம். முகத்துக்கு நேரே "சொல்ல முடியாது" என்றால் மரியாதைக் குறைவு. மோசடிக்காரன் பூட்டை உடைப்பதில்லை. நம்மிடமே பணிவாகச் சாவி கேட்கிறான்.

போன மாசம் அதைத்தான் செய்தான். மாட்டியது உஷார் சார் இல்லை. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஐடி இளைஞர், பொட்டு ஒட்டிய போனைப் பார்த்து, "அங்கிள், உங்க டேட்டாவை எவன் எடுக்கப் போறான்?" என்று சிரிப்பவர். ஜிஎஸ்டி சாலையில் வண்டியை எக்குத்தப்பாக நிறுத்திவிட்டு வந்த மறுநாள், அவருக்கு வாட்ஸ்ஆப்பில் போக்குவரத்து அபராதச் செல்லான் ஒன்று வந்தது. கூடவே ஒரு ஏபிகே கோப்பு. அழுத்தினார். ஆப் இறங்கியது, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஓடிபி ஒவ்வொன்றும் அவருக்கு முன்னால் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தது. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய், மூன்று தவணையில், காபி ஆறுவதற்குள்.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்து நடுங்கும் விரலால் வங்கியின் கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது உஷார் சார் காய்கறிப் பையோடு ஏறி வந்தார். விஷயம் கேட்டதும் பையைக் கீழே வைத்தார். "அதுல தேடாத தம்பி. அங்கயும் பொய் நம்பர் போட்டு வெச்சிருப்பான். கார்டுக்குப் பின்னாடி இருக்கறதுதான் நம்பர். போனை முதல்ல ஏரோபிளேன் மோடுல போடு." தன் போனை எடுத்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 அழுத்தினார். அந்த எண் அவர் வீட்டு ஃபிரிட்ஜிலும், பூஜை அறைக் கதவிலும், மீட்டர் பெட்டியிலும் ஒட்டியிருப்பதைப் பார்த்து நாங்கள் எல்லோருமே சிரித்திருக்கிறோம். "எந்த பேங்க்? எத்தனை மணிக்குப் போச்சு? யுடிஆர் நம்பர் படி. நிதானமா, ஒவ்வொண்ணா." பேட்டையில் சரக்குக் குறைந்தால் இருப்பு எடுக்கும் அதே குரல். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் தாவுவதற்குள் புகார் போய்விட்டால் வங்கிகள் வழியிலேயே நிறுத்தி வைக்க முடியும், நிமிஷம்தான் கணக்கு. கடைசித் தவணை பதினெட்டாயிரம் அப்படித்தான் மாட்டி நின்றது. அது கைக்குத் திரும்பி வருவது தனிக் கதை. ராத்திரியே உட்கார்ந்து சைபர் குற்றத் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து முடித்தார்கள். இளைஞர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே சிரிக்க மாட்டேன் அங்கிள்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அசோசியேஷன் குழுவில் உஷார் சாரின் பதிவு வந்தது. தலைப்பு, விழிப்புணர்வு. நடந்ததை ஒன்று விடாமல் எழுதியிருந்தார். ஆதாரத்துக்குப் புகாரின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருந்தார். இளைஞரின் முழுப் பெயர், கணக்கு எண், செல்போன் எண், புகார் எண் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: "தனியுரிமை நம் அடிப்படை உரிமை. அனைவருக்கும் பகிரவும்."