எருமையை எடுத்துப் பழகுலே பேராண்டி

வாலே பேராண்டி, திண்ணையில உக்காரு. கழுத்துல என்ன தொங்குது? கேமராவா? ரொம்ப நல்லது. முதுகுல அந்தப் பைக்குள்ள என்னலே? மூணு லென்ஸு, ஒரு முக்காலி, தூசி ஊத ரப்பர் பம்பு, துடைக்கத் துணி. உடம்பு பூரா பாக்கெட்டு வச்ச சட்டை வேற. எந்தக் காட்டுல புலி எடுக்கப் போற?

சரி, எடுத்த படத்தக் காட்டுன்னா ஏன் முழிக்க? வாங்கி ஆறு மாசம் ஆச்சாமே? ஆனா பேஸ்புக்குல உம் பேருக்குப் பின்னால ‘போட்டோகிராபி’ன்னு போர்டு மாட்டியாச்சு. படத்து மூலையில பேரு போட டிசைனும் தயார். பொண்ணே பாக்கல, அதுக்குள்ள பேரப்புள்ளைக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிச்சாச்சு!

இம்புட்டு நாளும் ராத்திரி முழிச்சு என்னத்தப் பாத்த? கேனான் ஒசத்தியா, நிக்கான் ஒசத்தியா, சோனி ஒசத்தியான்னு ஊரான் வீடியோவுல போடுத சண்டைய. 24 மெகாபிக்சல் பத்துமா பத்தாதான்னு கவலை வேற.

இந்த டிஜிட்டல் கேமரா பொறந்த கதை தெரியுமாலே? 1975. அமெரிக்காவுல ராச்செஸ்டர் ஊரு, கோடாக் கம்பெனி. ஸ்டீவன் சாசன்னு ஒரு இளந்தாரி. சூப்பர் 8 சினிமா கேமராவுக்கான சாமான் கிடந்த பெட்டியில கைய விட்டு ஒரு லென்ஸ எடுத்தான். படத்தப் பதியக் கேசட் டேப்ப மாட்டுனான். கட்டி முடிச்சா எடை மூணரை கிலோவுக்கு மேல. ஒரு படம் டேப்புல ஏற 23 செகண்டு. கறுப்பு வெள்ளைதான். ஒன் கணக்குல சொன்னா 0.01 மெகாபிக்சல். அங்க வேல பாத்த ஒரு பொண்ண நிக்கச் சொல்லி எடுத்தான். திரையில தலைமுடி தெரியுது, மொகத்தக் காணோம். அவ பாத்துட்டு, இன்னும் வேல கெடக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டா. இவன் உக்காந்து வயர மாத்திப் போட்டான். மொகம் வந்துட்டு. அவனுக்கு எந்த வீடியோ பாடம் நடத்துச்சு? சொல்லேன்.

நேத்து நீ ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓன்னு முக்கோணம் போட்டு ஒப்பிச்சப்ப எனக்குக் கண்ணு சொக்கிட்டு. சாமி சத்தியமா ஒனக்கு ஒன்னும் புரியலங்கறது மட்டும் எனக்குப் புரிஞ்சுது.

நாளைக்கு நம்ம தொழுவுக்கு வா. கறுப்பு எருமை நிக்கும். கேமரா மோட ‘பி’யில வையி. எருமைக்குக் கிட்டப் போயி, படம் பூரா எருமையாவே இருக்கும்படி ஒன்னு எடு. பாத்தா எருமை சாம்பலா இருக்கும். அடுத்தாப்புல கட்டியிருக்க வெள்ளைப் பசுவ எடு. அதுவும் சாம்பல்! ஏன்? அந்தக் கேமராவுக்குப் பசுவும் தெரியாது, எருமையும் தெரியாது. எதக் கண்டாலும் நடுச்சாம்பல் நிறம்னே எண்ணிக்கிட்டு வெளிச்சத்தக் கூட்டும், குறைக்கும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்னு இருக்குல்லா? எருமைக்கு ஒன்னு கழி. பசுவுக்கு ஒன்னு கூட்டு. பெறகு பாரு, எருமை எருமையா வரும், பசு பசுவா வரும். வெள்ளை வேட்டி மாப்பிள்ளைக்கும் இதே கணக்குதான். எருமை இதுக்கு பீஸும் கேக்காது, சர்டிபிகேட்டும் குடுக்காது.

சாயங்காலம் தெருவுல சைக்கிள் போவும்லா? செகண்டுல 30-ல ஒரு பங்கு ஷட்டர் வச்சு ஒன்னு எடு, 1000-ல ஒரு பங்கு வச்சு ஒன்னு எடு. மொதப் படத்துல சக்கரமே கரைஞ்சிருக்கும். அடுத்ததுல கம்பிய எண்ணிப்புடலாம். ஆனா வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓ மேல ஏறி, படத்துல பொடிப்பொடியாப் புள்ளி விழுந்திருக்கும். ஒன்ன வாங்கணும்னா இன்னொன்னக் குடுத்துத்தான் ஆகணும். ஒன் முக்கோணம் அம்புட்டுதாம்லே.

போன முகூர்த்தத்துல படம் எடுக்க ஒரு மேதாவி வந்தான். பின்னால மங்கலா இருந்தாத்தான் அழகுன்னு அவனுக்கு எவனோ ஓதியிருக்கான். மூணு வரிசைக் குடும்பப் படத்த அப்பர்ச்சர் எஃப் 1.8-ல வச்சு எடுத்துப்புட்டான். முன்வரிசை மாப்பிள்ளை பளிச்சுன்னு இருக்காரு. பின்வரிசைத் தாய்மாமனக் காணோம். சீர் செஞ்ச மனுசன் சும்மா விடுவாரா? பந்தியில உக்காரவே மாட்டேன்னுட்டாரு. எஃப் 8 வச்சிருந்தா சம்பந்திச் சண்டை வந்திருக்குமா?

இன்னொன்னு. ‘எம்’ல வச்சு எல்லாத்தையும் கையால திருகுனாத்தான் மானமாமே? நீ திருகி முடிக்கதுக்குள்ள தவழ்ந்த புள்ளைக்குப் பல்லு முளைச்சிரும். ‘ஏ’யில வச்சு அப்பர்ச்சர நீ பாத்துக்கோ, ஷட்டர அது பாத்துக்கிடும். யாரு கேக்கப் போறா?

எங்க காலத்து பிலிம் ரோல்ல 36 படம். அது தீரணும், கழுவணும், பிரிண்ட் வரணும். வரதுக்குள்ள எத வச்சு எடுத்தோம்னே மறந்து போவும். பளீர் வெயில்னா எஃப் 16, ரோலு ஐஎஸ்ஓ 100-னா ஷட்டரும் ஏறக்குறைய 100-ல ஒரு பங்கு. இப்படி ஒரு கணக்க ரோல் டப்பாவுலயே அச்சடிச்சிருப்பான். நாங்க படிச்ச படிப்பு அதான். ஒனக்கு? எடுத்த நிமிசமே முதுகுத் திரையில படம். என்ன ஷட்டர், என்ன அப்பர்ச்சர், என்ன ஐஎஸ்ஓன்னு படத்துக்குள்ளயே கேமரா எழுதி வச்சிருது. கெட்டுப்போனா காலணா நட்டமில்ல. இவ்வளவையும் கையில வச்சுக்கிட்டு எவனோ நடத்துத வகுப்புக்கு ஏம்லே பணம் கட்டுத?

அதுக்காகத் தடதடன்னு முந்நூறு சுட்டுட்டு வந்து எங்கிட்ட நீட்டாத. ஒரே எருமை, ஒரே எடம். ஒன்ன மட்டும் மாத்து, எடு, பாரு. பெறகு அடுத்தத மாத்து. கேமராவோட வந்த 18-55 லென்ஸே இதுக்கெல்லாம் போதும். மத்த லென்ஸையெல்லாம் பீரோவுல பூட்டியே வச்சிருந்தேன்னா இருட்டும் ஈரமும் சேந்து உள்ளுக்குள்ள பூஞ்சாணம் புடிச்சிரும். ரெண்ட வித்துக் காசாக்கு.

காலையில ஆறு மணிக்கு வந்துரு. ராத்திரி வீடியோ பாக்காம, பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுட்டுப் படு.