வெள்ளித்தாள் வித்துவானுக்கு மாமனின் ஆசீர்வாதம்

வாங்க மாப்ளே! ஐதராபாத்து ஜும்மேராத் பஜார்ல வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணைக் கொத்திட்டு வந்துட்டீகளாமே. வியாழக்கிழமைச் சந்தை, பேரம் பேசத் தெரிஞ்ச ஆளு, கேக்கணுமா! 1935லயே டெக்கான் ரேடியோ பாடுன ஊருல பழைய செட்டுக்கா பஞ்சம்?

பின்பக்கம் பியூஸ் ஹோல்டரைக் கழட்டிப் பார்த்தேன். கண்ணாடி பியூஸ் மேல சிகரெட்டுப் பொட்டி வெள்ளித்தாளை மினுமினுன்னு சுத்தி வச்சிருக்கீக. பலே! இனி ஆயுசுக்கும் பியூஸ் போகாது. டிரான்ஸ்பார்மர்தான் போகும். கோட்டி குஜராத்தி கல்லியில பியூஸு சில்லறைக் காசு. டிரான்ஸ்பார்மருக்கு ஆளைத் தேடிப் புடிச்சு, செம்புக் கம்பி சுத்தி வாங்கணும். சிக்கனத்துல உங்களை அடிச்சுக்க ஆளில்ல.

எத்தனை ஆம்பியர் போடணும்னு கேப்பீக. கைக்குக் கிடைச்ச 5 ஆம்பியரைப் போடுங்களேன். அதுவும் வெள்ளித்தாளுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்.

அளந்து பாக்கிற கிறுக்கு இருந்தா மட்டும் மேல கேளுங்க. கிளாம்ப் மீட்டரை ரெண்டு கம்பிக்கும் சேத்து மாட்டுனா சைபர் காட்டும். கரண்டே குடிக்காத செட்டுன்னு ஊரெல்லாம் பீத்திக்கலாம்! போறதும் வாறதும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கிட்டா வேற என்ன காட்டும்? பிளக்கைப் பிடுங்கிட்டு, ஒத்தைக் கம்பியை மட்டும் பிரிச்சு, கிளாம்புக்குள்ள 10 சுத்து விடுங்க. அப்புறம் செட்டைப் போடுங்க. மீட்டர் 4 ஆம்பியர் காட்டுனா நிசம் 0.4. அதுக்கு 630 மில்லி ஆம்பியர் போதும், 'டி' எழுத்துப் போட்ட மெது பியூஸா இருக்கணும். சுவிட்ச் போட்ட நொடியில டிரான்ஸ்பார்மரும் குளிர்ந்து கிடக்கிற வால்வு இழையும் ஒரு மடக்கு கூடவே இழுக்கும். 'எஃப்' போட்ட வேக பியூஸா இருந்தா அதுக்கே ரோசப்பட்டு உசிரை விட்டுரும்.

அடுத்தது உயர் வோல்ட் பக்கத்து, அதான் ஹெச்டி பியூஸு. உள்ள 300 வோல்ட் ஓடுற இடத்துல மீட்டரை ஆம்பியர்ல வச்சுக் குறுக்கப் புடிக்கிற வீரமெல்லாம் வேணாம். வோல்ட்லயே வைங்க. ஈஎல்84 வால்வோட கேத்தோடுல 270 ஓம் ரெசிஸ்டர் இருக்கா? அதுக்குக் குறுக்க 9.7 வோல்ட் வந்தா, வகுத்துப் பாருங்க, 36 மில்லி ஆம்பியர். ரெண்டு வால்வுக்கு 72. சின்ன வால்வுகளையும் சேத்தா 80 சொச்சம். டிரான்ஸ்பார்மரோட ஹெச்டி சுத்துக்கு 250 மில்லி 'டி' போடுங்க. ஒரு வால்வு 36, மத்தது 60ன்னு நின்னா பியூஸைத் திட்டாம கப்ளிங் கண்டன்சர் லீக்கான்னு பாருங்க.

பியூஸு செட்டுக்குத்தான் காவல், உங்களுக்கில்ல. ஆளைச் சாய்க்க 30 மில்லி தாராளம். 250 மில்லி பியூஸ் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. கரண்டுக் கசிவைப் பார்த்து அணைக்கிற வீட்டு ஆர்சிசிபிக்கும் டிரான்ஸ்பார்மருக்கு அந்தாண்ட கண்ணு தெரியாது. அதனால பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வச்சு கண்டன்சரை வடிச்சு, மீட்டர்ல சைபர் பார்த்துட்டு அப்புறம் கை வைங்க. கரண்டோட அளக்கிறப்ப ஒரு கை சட்டைப் பையிலயே கிடக்கட்டும்.

புது பியூஸும் போச்சுன்னா அதைவிடப் பெருசைத் தேடி ஓடாதீக. 100 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல மாட்டிப் போட்டுப் பாருங்க. பளிச்சுன்னு எரிஞ்சு மங்குனா, பல்பைக் கழட்டிட்டுப் பாட்டுக் கேளுங்க. மங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட்டு. எம்மக வந்து என்னன்னு கேட்டா, படிக்கிற விளக்கு வாங்குனேன்னு சொல்லிச் சமாளிச்சுக்கங்க.