பேட்ஜ் திணை: ஒரு புறப்பொருள் விளக்கம்

வெட்சி சூடியவன் ஆநிரை கவரப் போகிறான், கரந்தை சூடியவன் மீட்கப் போகிறான், உழிஞை சூடியவன் மதிலை வளைக்கிறான் என்று பூவைப் பார்த்தே ஆளை வகுத்தவர்கள் நம் புறப்பொருள் ஆசிரியர்கள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே சோவியத் நாட்டில் வளர்ந்த பிள்ளைகளையும் அப்படியே வகுத்துவிடலாம். பூவுக்குப் பதில் பேட்ஜ், அவ்வளவே. ஆகவே இதனைப் பேட்ஜ் திணை என்க.

முதற்பொருளில் நிலம்: பள்ளி மைதானமும் பூங்காவும் ஆலைச் சுடுகளமும். பொழுது: 1922 மே மாதம் பயனியர் என்னும் சிறுவர் இயக்கம் பிறந்தது தொடங்கி ஜெர்மனி படையெடுத்த 1941 ஜூன் வரை. கருப்பொருளில் தெய்வம், படைத்துறை அமைச்சர் வோரஷீலவ். பறை, பயனியர் முரசு. புள், யூ-2 பயிற்சி விமானம். உரிப்பொருள் ஆயத்தமாய் இருத்தல். ‘ஆயத்தமாய் இரு’ என்று தலைவர் சொல்ல, ‘எப்போதும் ஆயத்தம்’ என்று பிள்ளைகள் கையுயர்த்துவார்கள். இந்த முழக்கமும் கழுத்துத் துணியும் சாரணர் இயக்கத்தின் சொத்து. சாரணரை முதலாளித்துவ எச்சம் என்று கலைத்துவிட்டுச் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வழிநூல் செய்தவர் முதனூலின் பெயரை விழுங்குவது எந்த நாட்டிலும் உள்ள வழக்கம்தான்.

இனித் துறைகள். இவற்றை வகுத்த நூலாசிரியர் ஆள் அல்லர், சங்கம்: 1927இல் தோன்றிய ஒசோவியாகிம். பாதுகாப்பு, விமானம், இரசாயனம் மூன்றையும் ஒரே பெயரில் திணித்த அந்தத் தொண்டர் அமைப்புக்கு 1930களின் நடுவில் ஒரு கோடிக்கு மேல் உறுப்பினர். தொண்டர் என்பது இங்கே இடக்கரடக்கல். ஆலையில் எல்லாரும் சந்தா கட்டும்போது ஒருவர் மட்டும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிப் பார்க்கட்டும்.

துறை ஒன்று, உடல். 1931இல் வந்த ‘உழைப்புக்கும் பாதுகாப்புக்கும் ஆயத்தம்’ பேட்ஜ். ஓட்டம், நீச்சல், குண்டெறிதல் எல்லாம் தேற வேண்டும். உரையாசிரியர்கள் வியந்து நிற்கும் இடம் இதன் தோட்டாப் பெட்டி விதி: 32 கிலோ பெட்டியைத் தூக்கி 50 மீட்டர் நடக்க வேண்டும். விளையாட்டு என்று பெயர் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் தோட்டா என்று எழுதும் அளவுக்கு ஒளிவுமறைவு இல்லாத இலக்கணம் இது.

துறை இரண்டு, கண். 1932 டிசம்பரில் ஏற்பட்ட ‘வோரஷீலவ் குறிசுடுநர்’ பேட்ஜ். கைத்துப்பாக்கி சரியில்லை என்று ஓர் அதிகாரி முறையிட்டாராம். வோரஷீலவ் அதையே வாங்கிச் சுட்டு, குற்றம் துப்பாக்கியில் இல்லை என்று காட்டினாராம். தெய்வம் தன் திணைக்குத் தானே எடுத்துக்காட்டாக நிற்பது இலக்கண உலகில் அரிது.

துறை மூன்று, மூக்கு. நச்சுவாயுவுக்கு எதிரான பேட்ஜ். முகமூடி மாட்டிக்கொண்டு பாடம், நடை, அணிவகுப்பு. லெனின்கிராடில் 1937இல் விக்டர் புல்லா எடுத்த படம் இன்றும் புழங்குகிறது: வரிசை வரிசையாகப் பயனியர்கள், கழுத்துக்கு மேல் ஒரு முகம்கூட இல்லை, வட்டக் கண்ணாடிகளும் ரப்பர்க் குழாய்களும்தான். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. வகைப்படுத்துவோன் கனவு காணும் நிலை அது. படம் பிடித்த புல்லாவை மறு ஆண்டே கைது செய்து சுட்டுக் கொன்றார்கள்.

பாராசூட், கிளைடர், செஞ்சிலுவை முதலுதவி ஆகியவை ஒழிந்த துறைகள். மாஸ்கோ கோர்க்கி பூங்காக் கோபுரத்திலிருந்து குதிக்க இளைஞர்கள் வரிசை கட்டினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இனிக் கொளு இல்லாத துறை ஒன்று உண்டு. சங்கம் வகுக்காமல் பிள்ளைகளே வகுத்துக்கொண்டது. 1934இல் உள்நாட்டுப் போரின் செம்படை வீரரைப் பற்றிய ‘சப்பாயெவ்’ படம் வந்ததும் முற்றமெல்லாம் குச்சிக் குதிரைகள். பையன்கள் எல்லாரும் சப்பாயெவ், பெண் பிள்ளைகள் எல்லாரும் இயந்திரத் துப்பாக்கி அன்கா. எதிரியான வெள்ளைப் படைக்கு ஆள் கிடைப்பதுதான் பாடு. சின்னவனை, புதிதாகக் குடிவந்தவனைப் பிடித்துத் தள்ளுவார்கள். எதிரியை உற்பத்தி செய்யும் இந்த வேலையைப் பெரியவர்கள் அப்போது இன்னும் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார்கள்.

அதுவே புறனடை. ஒசோவியாகிமின் தலைவர் ராபர்ட் எய்தெமான், லாத்விய மொழிக் கவிஞரும்கூட, 1937 ஜூனில் மார்ஷல் துகாச்செவ்ஸ்கியோடு சுடப்பட்டார். இளைஞர் அமைப்பான கொம்சொமோலின் தலைவர் கோசரெவ் 1939இல். ஐந்து மார்ஷல்களில் மூவர் போயினர். வகுப்பறையில் ஆசிரியர் பக்க எண்ணைச் சொல்ல, பிள்ளைகள் பாடநூலைத் திறந்து நேற்றுவரை வணங்கிய முகத்தை மையால் மெழுகினார்கள். இதற்கும் ஒரு பேட்ஜ் கொடுத்திருக்கலாம். தேறாதவர் இருந்திருக்க மாட்டார்.

அடுத்தது எதிரி யார் என்னும் குழப்பம். ஜெர்மானிய மாவீரர்களைப் பனி ஏரியில் அமிழ்த்திய ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’ படம் 1938 டிசம்பரில் வந்து, ஜெர்மனியோடு செய்த 1939 ஆகஸ்ட் ஒப்பந்தத்துக்குப் பின் அரங்கிலிருந்து எடுக்கப்பட்டது. பயிற்சி மட்டும் நிற்கவில்லை. அந்த செப்டம்பர் 1ஆம் தேதி வந்த சட்டம் ஐந்தாம் வகுப்பிலிருந்தே படைப்பாடம் என்றது. யாரை எதிர்த்து என்பது அச்சில் விடுபட்டிருந்தது.

இந்த இலக்கணத்தை முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. கீயெவ் சுடுகளத்தில் பழகிய குறிசுடு வீராங்கனை லியுத்மீலா பவ்லிச்சென்கோவும், ஷோஸ்த்கா விமானக் கழகத்தில் பறக்கக் கற்ற போர் விமானி கொஷெதூபும் இதன் மாணவர்கள்தாம். ஆனால் எதிரி மண்ணில், குறைந்த குருதியில், விரைவாக வெற்றி என்பது இந்நூல் ஓதிய ஒரே முடிவு. பின்வாங்குவதற்குத் துறை வகுக்கவில்லை. 1941 கோடையில் பிள்ளைகள் முதலில் எழுத நேர்ந்த தேர்வு அதுதான்.

சங்கம் என்ன ஆயிற்று என்று கேட்பார்க்கு: 1948இல் தரை, வான், கடல் என மூன்றாக வகுத்தனர். 1951இல் மூன்றையும் தொகுத்து மீண்டும் ஒன்றாக்கி, தோசாஃப் என்று வேறு பெயர் சூட்டினர்.