ரோமாபுரிக் கணக்கு தீர்க்கப் போறவங்களுக்கு

வாப்பா தம்பி, வாம்மா. மாடி போர்ஷன்ல மூட்டை கட்டற சத்தம் கேக்குதேன்னு பார்த்தேன். இத்தாலியாமே! ரோம், ஃபுளோரன்ஸ், பைசா, வெனிஸ். ஆளுக்கொரு முதுகுப் பை, சுத்தறதெல்லாம் கால்நடையாவாம். கீழ்க்கட்டளை வரைக்கும் நடந்து போயி அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்கன்னா, "மெட்ரோ பள்ளம், ஒரே தூசி தாத்தா"ன்னு போன்ல ஆர்டர் போட்டுட்டு பால்கனில நிக்கிற ஜோடி நீங்க. அங்க தூசிக்கு 2000 வயசு, அதான் ஒட்டாது போல.

போங்க. நான் தடுக்கல. ரொம்ப காலமா யாராவது போய்த் தீர்க்க வேண்டிய கணக்குதான் அது. ரோமாபுரில பிளினின்னு ஒரு பெரியவரு, 1900 வருசத்துக்கு மேல ஆச்சு, புலம்பி எழுதி வச்சிருக்காராம். பேரன் படிச்சுக் காட்டினான். இந்தியா வருசத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சுது, எல்லாம் ரோமாபுரிக்காரங்க ஆடம்பரமும் பொம்பளைங்க ஆசையும் பண்ற வேலைன்னு. நம்மாளு மிளகும் முத்துமா கப்பல்ல ஏத்தினான், பொன்னா எண்ணி வாங்கினான். 1898ல புதுக்கோட்டைப் பக்கம் ஒரே புதையல்ல 501 ரோமத் தங்கக்காசு. அதுல பெரும்பாலான காசுல ராசா மூஞ்சி மேலயே உளியால ஒரு வெட்டு. மூஞ்சி யாருதா இருந்தா என்ன, தங்கம் தங்கம்தானே! அந்தப் புதையலை லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிட்டுப் போயிடுச்சு. பிளினியோட புலம்பல் மட்டும் நம்ம பேர்ல நிக்குது.

முதல் தவணைய விசாவுக்கே கட்டிட்டீங்க, ஆளுக்கு 90 யூரோ. ரோம்ல ட்ரெவி நீரூற்றுல, முதுகைக் காட்டி நின்னு தோளுக்கு மேல காசு எறிஞ்சா திரும்ப அந்த ஊருக்கே வருவாங்களாம். எறிங்க, அது ஏழைங்களுக்குத்தான் போகுது. ஆனா தம்பி, திரும்ப வரணும்னு வேண்டறதுக்கு முன்னாடி இந்த டூர் ஈஎம்ஐ எப்ப முடியுதுன்னு ஒரு தடவை பார்த்துக்க.

காபிய நின்னுக்கிட்டே குடிங்க, உக்காந்தா ரேட்டு ஏறும். சாப்பாட்டுக் கடைல உக்காந்ததுக்கே 'கோபெர்தோ'ன்னு பில்லுல தனியா ஏத்துவான். ரோம்ல ஸ்பானிஷ் படிக்கட்டுன்னு 135 படி கட்டி வச்சிருக்கான். 2019லேர்ந்து அதுல உக்காந்தா அபராதம். ஒரு டீக்கு ஒரு மணி நேரம் பெஞ்ச்சைத் தேய்ச்ச நம்ம கோவிலம்பாக்கத்து ஆளுங்க அங்க ஒரு நாள்ல திவால். தண்ணிக்கு மட்டும் காசு குடுத்துடாதீங்க. ரோம் தெருவுல 2000க்கு மேல இரும்புக் குழாய், 1874லேர்ந்து வச்சுக்கிட்டே வந்திருக்கான், நல்ல தண்ணி சும்மா ஓடுது. தண்ணி லாரிக்குக் காத்திருந்த கண்ணு, பார்த்து அழுதுடாதீங்க.

அம்மாடி, கிளம்பறப்போ ரெண்டு பையும் ஒரே எடைதான் இருக்கும். மூணாம் நாள் உன் பையில இருக்கிற புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரெண்டாவது ஜோடி ஷூ எல்லாம் மெல்ல அவன் பைக்குக் குடி போகும். நீயாக் கேக்காதே, தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பெருமூச்சு விடு, போதும். தம்பி, ஃபுளோரன்ஸ் கோயில் கும்மட்டத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்கு சிலிண்டர் தூக்க ஆள் கூப்பிட்டவன் நீ, ஞாபகம் வச்சுக்க.

வெனிஸ்ல 400க்கு மேல பாலம், சந்தெல்லாம் ஒரே மாதிரி. நீ வழி கேக்க மாட்டே, அவ கேக்காம விட மாட்டா. சண்டை வரும். அங்கயே போட்டு முடிச்சுட்டு வாங்க, இங்க போட்டா கீழ எனக்குக் கேக்குது. நம்ம ஊரு மாதிரியே அங்கயும் நவம்பர்லதான் தெருவுல தண்ணி அதிகமா ஏறும். 2020லேர்ந்து கடலுக்கே கதவு போட்டு அடைக்கிறான். இங்க நாம போடறது மணல் மூட்டைதான்.

பைசாக்காரன்தான் பிழைக்கத் தெரிஞ்சவன். 1173ல ஆரம்பிச்ச கோபுரம், பாதி கட்டறப்பவே சாஞ்சுடுச்சு. 1990ல மூடி, அடிமண்ணைச் சுரண்டி, 40 சென்டிமீட்டருக்கு மேல நிமிர்த்தி 2001ல திறந்தான். முழுசா நிமிர்த்தல பாருங்க, நிமிர்த்தினா எவன் டிக்கெட் வாங்குவான்? இங்க ஏரி மண்ணுல அபார்ட்மெண்ட் கட்டறவங்க யாராவது இருந்தா சொல்லி வைங்க, சாஞ்சாலும் வருமானம் உண்டுன்னு.

ரோமாபுரி பாக்கி உங்க ரெண்டு பேரால தீராது, அது கிடக்கட்டும். இந்த மாச வாடகையும் மோட்டார் கரண்ட்டு பங்கும் ஏர்போர்ட்டுக்கு வண்டி வர்றதுக்கு முன்னாடி என் கைக்கு வந்துடணும்.