மூன்று நாள் சோப்பு

இந்த நாட்டில் ஒரு பெண் ஏழை என்று தெரிந்தால் போதும். உடனே அவள் கையில் ஒரு சோப்பு அச்சைத் திணித்துவிடுவார்கள்.

புருஷன் குடிக்கிறானா? சோப்பு செய்யப் பழகு. மில்லை மூடிவிட்டார்களா? மெழுகுவத்தி ஊற்றப் பழகு. புயலில் கூரை போய்விட்டதா? பினாயில் கலக்கு. எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாயா? உனக்கென்னம்மா, உனக்குச் சோப்பு இன்னும் நன்றாக வருமே! சோப்பு, மெழுகுவத்தி, பினாயில், ஊதுவத்தி. இவைதான் நான்கு வேதங்கள். அரசு அலுவலகம், தொண்டு நிறுவனம், வங்கி, கல்லூரி என்று யார் வந்தாலும் இதையே ஓதுகிறார்கள். ஏழை ஆணுக்கு யாரும் சோப்பு சொல்லித் தருவதில்லை. அவனுக்கு ஆட்டோ கடன். அவளுக்குத்தான் வாசனை.

ஒரே தெருவில் இருபது பேருக்குச் சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தால், அந்தத் தெருவில் சோப்பு வாங்க யார் மிச்சம்? இந்தக் கேள்வியைக் கேட்க வேதியியல் வேண்டாம். ஒன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குப் போதும்.

என் அண்ணி கடலூர்ப் பக்கம் இருக்கிறார். மகளிர் குழுவில் ஒரு பெயர். அவரை மூன்று நாள் சோப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான் என்பதால் தொடக்க விழாவைத் தரிசிக்கும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது. விழா பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். மேடையில் ஒன்பது நாற்காலி, ஒன்பது சால்வை. ஃப்ளெக்ஸில் பதினொரு முகம். அதில் சோப்பும் இல்லை, பெண்ணும் இல்லை. விருந்தினர் மைக்கைப் பிடித்து, பெண்கள் நாட்டின் கண்கள் என்றார். கண்ணில் சோப்பு போனால் எரியும் என்பதை மேடையில் யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கை கழுவலாம் என்று அந்த மண்டபத்துக் கழிவறைக்குப் போனேன். சோப்பு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பெண்களுக்குச் சோப்பு செய்யக் கற்றுத் தருகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கை கழுவச் சோப்பு இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை என்பதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

சோப்பு செய்வது விளையாட்டில்லை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா. எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும். காஸ்டிக் கூடினால் தோல் வெந்துபோகும். ரொம்பக் குறைந்தால் சோப்பு பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் சிக்குவாடை அடிக்கும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். காஸ்டிக்கின் தலையில் தண்ணீரைக் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறை வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். அச்சில் ஊற்றி, இறுகியபின் வெட்டி, காற்றோட்டமாக அடுக்கி நான்கிலிருந்து ஆறு வாரம் காயவிட வேண்டும்.

பயிற்சி மூன்று நாள். சோப்பு காய நான்கு வாரம். இந்த அட்டவணையைப் போட்ட மகானுக்குப் பத்தாவது சால்வை.

ஆகவே பயிற்சியில் சோப்பே செய்வதில்லை. சோப்பு பேஸ் என்று ஒன்று வரும். ஏதோ ஓர் ஆலையில் ஏற்கெனவே செய்து முடித்த சோப்பு, கண்ணாடிப் பாளம்போல. அதை நறுக்கி, உருக்கி, பச்சைச் சாயம் ஊற்றினால் வேப்பிலை சோப்பு. சிவப்பு ஊற்றினால் ரோஜா சோப்பு. கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்கி வந்து இட்லி ஊற்றியவள், நெல் சாகுபடிக்காகப் பரிசு வாங்குவது மாதிரி. பேஸ் எங்கே கிடைக்கும்? பயிற்சி கொடுத்தவரிடமே கிடைக்கும். விலை அவர் வாயில் வருவதுதான். அந்த மூன்று நாளில் தொழில்முனைவோர் ஆனவர் அவர் ஒருவர்தான்.

அண்ணி விடாப்பிடிக்காரர். நாற்பது பேரில் அவர் மட்டும் வீட்டுக்கு வந்து, பக்கத்துப் பள்ளி வேதியியல் டீச்சரிடம் கேட்டு, எண்ணெய் வாங்கி, தராசு வைத்து, நிஜமான சோப்பே செய்துவிட்டார். ஐந்து வாரம் பரணில் காய்ந்தது. நன்றாக வந்தது. நானே குளித்தேன், சாட்சி சொல்வேன். சரி, விற்கலாம் என்று கிளம்பினார்.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த சட்டம் அப்போதுதான் கண் விழித்தது.

1940ஆம் வருட மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அழகுசாதனம் என்பதில் சோப்பு சேராது என்றுதான் அதில் ஒரு காலத்தில் இருந்தது. 1982 திருத்தத்தில் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். விற்பதற்காகக் குளியல் சோப்பு செய்தால் உரிமம் வேண்டும். தோலில் படுகிற சரக்கு, கட்டுப்பாடு வேண்டாம் என்று எந்தப் பைத்தியமும் சொல்லாது. காஸ்டிக் கூடிய கட்டியைக் குழந்தைக்குத் தேய்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட எவருக்கும் ஆசையில்லை. ஆனால் விதி எதைக் கேட்கிறது என்று பாருங்கள். சுவர் தரையிலிருந்து ஆறடி உயரத்துக்கு வழவழப்பாக, நீர் புகாததாக இருக்க வேண்டும். கொதிகலன், உலர்த்தி, சீவும் எந்திரம், மூன்று உருளை ஆலை, பிளாடர், வெட்டும் எந்திரம், முத்திரை அழுத்தும் எந்திரம் என்று ஒரு பட்டியல். சிறிய அளவில் குளியல் சோப்பு செய்யக் குறைந்தது 100 சதுர மீட்டர் இடம் பரிந்துரை.

100 சதுர மீட்டர் என்றால் 1,076 சதுர அடி. தமிழ்நாட்டில் கலைஞரின் கனவு இல்லம் என்று அரசு கட்டித்தரும் வீடு 360 சதுர அடி. ஒரு குடும்பம் சமைத்து, சாப்பிட்டு, படுத்து, பிள்ளை பெற்று, கிழவியைச் சாகக் கொடுக்க 360. சோப்பு கால் நீட்டிப் படுக்க 1,076. அண்ணி வைத்திருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு கைக் கலக்கி, ஒரு தராசு. பிளாடர் என்றால் என்ன என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சேமியா பிழிகிற மாதிரி சோப்பைப் பிழிந்து தள்ளும் ராட்சசன் என்று பிறகு தெரிந்தது.

இதெல்லாம் பரிந்துரைதானே, கட்டாயமில்லையே என்பார்கள். சரிதான். ஆய்வுக்கு வருகிறவர் கையிலும் அந்தப் பரிந்துரைக் காகிதம்தான் இருக்கும். அதை எப்படிப் படிப்பது என்பது அன்றைக்கு அவர் இருக்கிற இருப்பைப் பொறுத்தது.

மூன்று நாளில், ஒன்பது நாற்காலியில், ஒரு வாய் இந்த உரிமத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அரசின் ஒரு கை சோப்பு செய்யக் கற்றுத்தருகிறது. இன்னொரு கை, செய்தால் பிடிக்கக் காத்திருக்கிறது. இரண்டு கையும் சேர்வது கழுவிக்கொள்ளும்போது மட்டும்தான்.

பழைய கதை ஒன்று. 1967இலிருந்து சில பொருட்களைச் சிறுதொழில்காரர்கள் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பட்டியல் ஒரு சமயம் எண்ணூறைத் தாண்டியது. பிறகு ஒவ்வொன்றாக உருவினார்கள். கடைசியில் இருபதே மிச்சம். ஊறுகாய், ரொட்டி, கண்ணாடி வளையல், தீப்பெட்டி, பட்டாசு, ஊதுவத்தி. கூடவே மெழுகுவத்தியும் துணி சோப்பும். 2015 ஏப்ரல் 8, புதன்கிழமை. சிறுதொழில்காரர்களை வாழவைக்க முத்ரா கடன் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை. அந்த இருபது பொருளும் பெரிய கம்பெனிகளுக்குத் திறந்துவிடப்பட்டன.

புதன்கிழமை கையில் குடை. வெள்ளிக்கிழமை தலைக்கு மேல் கூரை இல்லை. நடுவில் வியாழக்கிழமை ஒரு நாள், இந்திய மெழுகுவத்திக்காரி சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

அந்த முத்ரா கடனுக்கும் அண்ணி போனார். பயிற்சி மேடையில் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் மேலாளர்.

"என்ன தொழில்மா?"

"சோப்பு சார்."

"எல்லாரும் சோப்பு சோப்புன்னே வர்றீங்களேம்மா. வேற ஏதாச்சும் யோசிக்கக் கூடாதா?"

வரியைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தங்கக் கட்டிக்கு 3 சதவீதம். சோப்புக் கட்டிக்கு 18. தூய்மை இந்தியா என்று சுவரெல்லாம் எழுதினார்கள். கொரோனாவில் இருபது விநாடி கை கழுவு என்று பாட்டுப் பாடினார்கள். கழுவினோம், பதினெட்டு சதவீதம் கட்டிக் கழுவினோம். எட்டு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 22இல், சோப்பு ஆடம்பரம் இல்லை என்று டில்லிக்குத் தெரிந்தது. 5 ஆக்கினார்கள். அதற்கும் நன்றி சொல்லி விளம்பரம் வந்தது. பாக்கெட்டை அடித்தவன் பஸ் கட்டணத்துக்குச் சில்லறை திருப்பிக் கொடுத்தால் மாலை போட வேண்டுமாம்.

அண்ணி மாதிரி ஆட்களுக்கு வேறு வலை. சொந்த மாநிலத்துக்குள் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை பதிவே வேண்டாம். ரொம்ப தாராளம். ஆனால் அடுத்த மாநிலத்துக்கு ஒரே ஒரு சோப்பு விற்றாலும் பதிவு செய்ய வேண்டும். கடலூரிலிருந்து அடுத்த மாநிலம் எவ்வளவு தூரம்? டவுன் பஸ் தூரம். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரத் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர் மாதம் நூறு கட்டி கேட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மும்பையில் கேட்டிருந்தாலும் இதே சட்டம்தான். சென்னையில் கேட்டிருந்தால் சட்டம் தூங்கியிருக்கும்.

அந்தக் கடையையும் ஒரு நடை பார்த்தேன். சணல் கயிறு கட்டி, காய்ந்த பூ ஒன்று செருகி, நூறு கிராம் 350 ரூபாய். அட்டையில் 'கெமிக்கல் இல்லாத சோப்பு' என்று எழுதியிருந்தது. காஸ்டிக் சேராமல் சோப்பு கிடையாது. காஸ்டிக் சேராத சோப்புக்குத் தேங்காய் எண்ணெய் என்று பெயர், அதைத் தலைக்குத் தேய்க்கலாம். இந்தப் பொய்யைச் சொல்ல உரிமம் வேண்டாம், 1,076 சதுர அடியும் வேண்டாம். படித்தவர்கள் படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அண்ணியின் சோப்பு 60 ரூபாய். அவரிடம் அதே ஆட்கள், "கெமிக்கல் ஏதும் போடலையே?" என்று நெற்றி சுருக்கிக் கேட்கிறார்கள். போட்டிருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னதில் மூன்று வாடிக்கை போயிற்று.

பெரிய கம்பெனி சும்மா இருக்கிறதா? நீங்கள் சோப்பு என்று நினைத்துத் தேய்ப்பதன் உறையில், எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கும் எழுத்தில், 'பாத்திங் பார்' என்று இருக்கும். முதல் தரக் குளியல் சோப்பில் கொழுப்புச் சத்து 76 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரம். பாத்திங் பாருக்கு 40 போதும். நடிகை மட்டும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்.

மெழுகுவத்தி கதை சீக்கிரம் முடிந்துவிடும். மின்வெட்டு ஊரை ஆண்டபோது பெட்டிக்கடையில் மெழுகுவத்தி தீர்ந்துபோகும். அப்போது குழுப் பெண்கள் நாலு காசு பார்த்தார்கள். இன்வெர்ட்டர் வந்தது, அலுமினிய அச்சு பரணுக்குப் போனது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கிற அதே பாரஃபின் மெழுகு இப்போது கண்ணாடிக் குடுவையில் உட்கார்ந்து, லாவெண்டர் வாசனையோடு, மன அமைதிக்கு என்று 900 ரூபாய்க்குப் போகிறது. வேளாங்கண்ணியில் மாதாவுக்கு ஏற்றுகிறவர்கள் மட்டும் இன்னும் மெழுகுவத்தியை மெழுகுவத்தி விலைக்குக் கேட்கிறார்கள். பயிற்சியோ நிற்கவில்லை. வருடா வருடம் அதே அச்சு, அதே திரி.

நிற்காது. ஏனென்றால் பயிற்சியின் சரக்கு சோப்பு இல்லை. சரக்கு, எண்ணிக்கை. ஆண்டறிக்கையில் 'உருவாக்கப்பட்ட பெண் தொழில்முனைவோர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டும். அண்ணி சோப்புக்கு ஒரு முறை, மெழுகுவத்திக்கு ஒரு முறை, பினாயிலுக்கு ஒரு முறை, சணல் பைக்கு ஒரு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆள் ஒருத்தி. கணக்கில் நான்கு தொழில்முனைவோர். நான்கு சான்றிதழ் லேமினேட் செய்து பீரோவில் இருக்கிறது. நான்கிலும் இனிஷியல் தப்பு.

போன வாரம் மறுபடி போன் வந்தது. 'உயர்நிலை சோப்புப் பயிற்சி'யாம். இதுவும் மூன்று நாள்தான்.

"போகப் போறீங்களா அண்ணி?" என்றேன், நம்பாமல்.

"போகாட்டி குழு லோன்ல பேரை எடுத்துடுவாங்க தம்பி. மத்தியானம் பிரியாணி வேற."

வண்டியை எடுத்தேன். ஏறப்போனவர் என்னவோ நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பரணிலிருந்து தன் சோப்பில் ஒரு கட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, ஒரு பாட்டில் தண்ணீரோடு கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அங்க கை கழுவ ஒண்ணும் இருக்காது" என்றார்.