நாங்கள் கேட்டு வாங்கிய அணை

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில் நொய்யலை மறித்து ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தது 1992-ல். அணைக்குப் பக்கத்தில்தான் என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, அம்மிச்சியின் ஊர். அணை வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களில் அப்புச்சியும் ஒருத்தர். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக எங்கள் பக்கம் வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும். மழைக்காலத்தில் சில நாள் கரைபுரண்டு ஓடும், பிறகு மணல்தான். அந்தச் சில நாள் வெள்ளத்தைத் தேக்கினால் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கும் என்று 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டினார்கள்.

"இனி நம்ம கெணறு வத்தாது கண்ணு" என்றார் அப்புச்சி. அவர் சொன்னபடியே நடந்தது. அணை நிறைந்தது, கோடையிலும் தண்ணீர் நின்றது, கிணற்றில் மட்டம் ஏறியது. மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகிய காலம் அது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட தண்ணீர்தான் வருஷம் பூராவும் வந்துகொண்டிருந்தது.

கெட்டது தண்ணீர் என்பது முதலில் அடுப்படியில்தான் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்தது. கறந்த பாலைக் குறை சொல்லி, பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்தார் அம்மிச்சி. மறுபடியும் திரிந்தது. பிறகு தோட்டத்தில் தெரிந்தது. பாத்தி காய்ந்ததும் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும்; விரலால் சுரண்டினால் நகத்துக்குள் உப்பு ஏறும். மஞ்சள் இலை ஓரம் கருகியது. தென்னை மரம் நின்றது, ஆனால் குரும்பை உதிர்ந்துகொண்டே இருந்தது. எருமை தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

இதைச் செய்தது சாயத்தைவிட உப்புதான். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு நூலோடு போய்விடும். போட்ட உப்பு முழுக்கத் தண்ணீரிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தெளியவைத்தால் நிறம் போகும், உப்புப் போகாது. 1990-களின் கடைசியில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த இடத்தில்தான் தோற்றன. கண்ணுக்குத் தெளிவான தண்ணீர் வந்தது, தோட்டத்தைக் கெடுத்தது.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இப்படிப்பட்ட ஆலைகளை அனுமதிக்கக் கூடாது என்று 1989-லேயே அரசாணை 213 வந்துவிட்டது. அணைக்கு மூன்று வருஷம் மூத்த ஆணை அது. அதை மதித்திருந்தால் பின்னால் வந்த வழக்குகளில் பாதிக்கு வேலை இருந்திருக்காது.

எங்களுக்கு வழி திறந்தது பாலாற்றங்கரையிலிருந்து. தோல் பதனிடும் ஆலைகள்மீது வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில், கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பில் பிறந்த சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யலையும் எடுத்துக்கொண்டது. 2004 டிசம்பரில் அதன் உத்தரவு வந்தது: 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், 24 கோடியே 79 லட்சத்துச் சொச்சம் ரூபாய். இழந்தவன் ஒரு சாதாரணச் சம்சாரி என்றாலும் அவன் பேரைப் பட்டியலில் ஏற்றிய அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 8,700 ரூபாய்கூட வரவில்லை. விளையாமல் போன வெள்ளாமைக்குக் கணக்குப் போட்டார்கள். மண்ணுக்குள் இறங்கிய உப்புக்கு அந்தப் பணம் எப்படிப் போதும்?

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் விதித்தது. 6 பைசாவில் தொடங்கி மாதம் போகப்போக ஏறும்படி. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதற்கு நடுவில் அணையில் தண்ணீர் தேக்குவதே நின்றுபோனது. தேக்கச் சொல்லி மனுக் கொடுத்த அதே ஊர்க்காரர்கள், தேக்காதே என்று நீதிமன்றத்தில் நின்றார்கள். அப்புச்சிக்கு இதில்தான் மனசு மிகவும் உடைந்தது. "நாம கேட்டு வாங்குனதுங்க இது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அதில் ஒன்றில்தான் என் மாமன் மகனுக்கு வேலை. தோட்டத்தில் ஒன்றும் விளையவில்லை என்றுதான் அவன் திருப்பூருக்குப் போனான். தோட்டத்தைக் கெடுத்த தொழில்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. மூடிய மாதங்களில் அவன் ஊர் திரும்பி, காய்ந்த தென்னைகளை வெட்டி விற்றான். கொங்கு நாட்டில் விவசாயி ஒரு பக்கம், பட்டறைக்காரன் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் எங்கள் வீட்டுப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்று திருப்பூர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியிருக்கிறது. சவ்வூடு பரவலில் வடித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, பெரும்பகுதித் தண்ணீரையும் உப்பில் கணிசமான பங்கையும் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். செலவு பெரிது, ஆனாலும் செய்து காட்டிவிட்டார்கள். முடியவே முடியாது என்று முன்பு பேசப்பட்டது முடிந்திருக்கிறது. மழை நாளில் ஆற்றில் நுரை பொங்கியது என்ற செய்தி இன்னும் வருகிறது. கோவையின் சாக்கடையும் கூடவே வருகிறது. ஆனால் அதே திருப்பூர் ஓரத்து நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம். அந்தக் குளத்தைக் காப்பாற்றிக் கொடுத்த உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மாமன் மகன் இப்போது ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறான். கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதைக் காட்டினான். பிரிக்க முடியாத கலப்பு உப்பு. "இதெல்லாம் முன்ன நம்மூருக்கு வந்துட்டு இருந்தது மாப்ள. இப்ப எடை போட்டுப் பதிஞ்சு வெக்கிறோம். எங்க கொண்டுபோறதுன்னுதான் தெரியல" என்றான்.

எங்கள் மண்ணுக்குள் கிடப்பதையும் அப்படி அளந்து பதிய வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி உப்பை வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் நிலம் தேறும். இந்த முறையைச் சொல்லிக்கொடுக்கும் வேளாண் பல்கலைக்கழகம் கோவையிலேயே இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் மண்ணும் கிணறும் பரிசோதித்து, மீட்க இவ்வளவு ஆகும், இத்தனை வருஷம் பிடிக்கும் என்று எழுதி, அந்தத் தொகையை ஈட்டில் சேர்க்கட்டும். 68 கிராமத்தின் பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.